‘தானா இறங்கிடும்’ என்று முப்பது வருஷம்...

எங்கள் தெருவில் பச்சைக் குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்ட வேண்டும் என்றால் என் மாமியாரைத்தான் கூப்பிடுவார்கள். முக்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி, முழங்காலுக்கு மேல் குழந்தையைப் படுக்கவைத்து, தலையிலிருந்து உள்ளங்கால் வரை ஒரு இடம் விடாமல் நீவிவிடுவார். கதறிக்கொண்டு வந்த குழந்தை சாம்பிராணிப் புகை காட்டுவதற்குள் தூங்கிப் போகும். அத்தனை கைராசி. அப்படிப்பட்டவர், தன் சொந்தப் பிள்ளையின் உடம்பில் கண்ட ஒரு குறையை முப்பது வருஷம் யாரிடமும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அதனால் எங்கள் வீடு பட்ட பாட்டை எழுதத்தான் இன்று உட்கார்ந்திருக்கிறேன்.

விஷயம் கொஞ்சம் கூச்சமானது. ஆண்களின் விதை, அதாவது விரை, சம்பந்தப்பட்டது. பெண்கள் பத்திரிகையில் இதை எழுதலாமா என்று நானே பத்து நாள் யோசித்தேன். கடைசியில் கொழுந்தனிடமே கேட்டுவிட்டேன். “பேரு மட்டும் போடாதீங்க அண்ணி. மத்ததை எழுதுங்க. நாலு அம்மாக்களாவது பிள்ளையைக் கவனிச்சுப் பார்க்கட்டும்” என்றான். அவன் கொடுத்த தைரியத்தில் எழுதுகிறேன்.

நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது அவனுக்குப் பத்து வயது. என் வீட்டுக்காரருக்கும் அவனுக்கும் நடுவே நல்ல வயசு வித்தியாசம். ஸ்கூலுக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்ததும், பரீட்சைக்குப் பாடம் ஒப்பித்ததும் என்னிடம்தான். மற்றப் பையன்கள் எல்லோரும் கிணற்றில் குதித்துக் கும்மாளம் போடுவார்கள். இவன் மட்டும் கரையில் உட்கார்ந்து துணிகளுக்குக் காவல் இருப்பான். குளியலறைக்குள் போனால் தாழ்ப்பாளை இரண்டு தடவை சரிபார்ப்பான். “கூச்ச சுபாவம், பொண்ணு மாதிரி” என்று நாங்கள் கேலி செய்வோம். இன்று நினைத்தால் அந்தக் கேலி நெஞ்சில் குத்துகிறது.

படித்தான், ஒரு மில்லில் கணக்கு எழுதும் வேலைக்குப் போனான், கல்யாணமும் ஆயிற்று. இரண்டு வருஷம் ஓடியும் குழந்தை இல்லை. சொந்தக்காரர்கள் யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் “என்ன, ஏதும் விசேஷம் உண்டா?” என்கிற கேள்வி என் ஓர்ப்படியைத்தான் துரத்தியது. பழனிக்கு நடந்தாள், வெள்ளிக்கிழமை விரதம் இருந்தாள். திண்டுக்கல்லில் லேடி டாக்டரிடம் மாதா மாதம் ஓடினாள். ரத்த டெஸ்ட், தைராய்டு டெஸ்ட், கருமுட்டை பார்க்கும் ஸ்கேன், கர்ப்பக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று மருந்து செலுத்திப் பார்க்கும் எக்ஸ்ரே, எல்லாம் அவளுக்குத்தான். அந்த எக்ஸ்ரே எடுத்துவிட்டு வந்த அன்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சாயங்காலம் வரை சுருண்டு படுத்திருந்தாள்.

எல்லா ரிப்போர்ட்டையும் பார்த்துவிட்டு டாக்டரம்மா கேட்டார்: “உனக்கு எல்லாம் நல்லா இருக்கும்மா. உன் வீட்டுக்காரரை ஏன் ஒரு தடவைகூட கூட்டிட்டு வரலை?”

அதுதானே! எங்களில் ஒருத்திக்கும் அது தோன்றவில்லை பாருங்கள். குழந்தை இல்லை என்றால் முதலில் பெண்ணைத்தான் டாக்டரிடம் கூட்டிப்போவது நம் வழக்கமாகிவிட்டது. இத்தனைக்கும் ஆணுக்கு முதலில் செய்யும் டெஸ்ட் வலியே இல்லாதது. விந்துப் பரிசோதனை ஒன்று, டாக்டர் கையால் தொட்டுப் பார்ப்பது ஒன்று, அவ்வளவுதான்.

ஆனால் கொழுந்தன் பிடிகொடுக்கவில்லை. “இந்த மாசம் ஆடிட்டிங்”, “அடுத்த மாசம் பார்க்கலாம்” என்று நாள் கடத்தினான். ஒரு நாள் என் அடுக்களையில் கீரை ஆய்ந்துகொண்டே ஓர்ப்படி பொலபொலவென்று கண்ணீர் விட்டாள். “அக்கா, குறை யார்மேல இருந்தாலும் நான் ஏத்துக்குவேன். ஆனா டெஸ்டுக்கே வரமாட்டேங்கிறாரே, என்னமோ மறைக்கிறார்.”

அன்று ராத்திரி என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் தம்பியை பைக்கில் ஏற்றிக்கொண்டு பைபாஸ் ரோடு டீக்கடைக்குப் போனார். திரும்பி வரும்போது மணி பதினொன்று. விளக்கை அணைத்துவிட்டு மெல்லிய குரலில் சொன்னார். “அவனுக்கு வலது பக்க விதை கீழே இறங்கவே இல்லையாம். பை காலியா இருக்காம். பிறந்ததிலேருந்தே அப்படித்தானாம். யார்கிட்டயும் சொல்லாம இத்தனை வருஷம் மனசுக்குள்ளயே வச்சிருந்திருக்கான்.”

ஒரே வீட்டில் இரண்டு ரகசியம்

மறுநாள் மத்தியானம் மாமியார் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். “அத்தை, தம்பி சின்னப் பிள்ளையா இருந்தப்ப உடம்புல ஏதாவது குறை இருந்துச்சா?” என்று மெதுவாகக் கேட்டேன். புடைக்கிற கை நின்றுவிட்டது.

“உனக்கு யாரு சொன்னா?”

“அவனேதான் அண்ணன்கிட்ட சொல்லியிருக்கான்.”

“அப்ப, அவனுக்குத் தெரியுமா?” என்றார்.

நான் ஆடிப்போய்விட்டேன். மகனுக்குத் தெரியாது என்று தாய் நினைத்திருக்கிறாள். தாய்க்குத் தெரியாது என்று மகன் நினைத்திருக்கிறான். ஒரே வீட்டில், ஒரே விஷயத்தை, ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் முப்பது வருஷம் சுமந்திருக்கிறார்கள்!

பிறகு மாமியார் எல்லாவற்றையும் சொன்னார். “எட்டு மாசத்துலயே பிறந்துட்டான். ஒண்ணே முக்கா கிலோதான் இருந்தான். துணியில சுத்தும்போதே நர்ஸம்மா சொல்லிச்சு, ஒரு பக்கம் இறங்கலை, ஆறு மாசம் பாருங்க, வரலேன்னா பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கன்னு. எங்க மாமியா, ‘அதெல்லாம் தானா இறங்கிடும். ஆம்பளப் புள்ளைக்குக் குறைன்னு வெளியில சொன்னா நாளைக்கு எவன் பொண்ணு குடுப்பான்’னுட்டாங்க. ரெண்டு வயசு வரைக்கும் குளிப்பாட்டும்போதெல்லாம் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன். அப்புறம் தொட்டுப் பார்க்கவே பயமாயிடுச்சு.”

அந்த நர்ஸ் சொன்னது ஒவ்வொரு வார்த்தையும் சரி. கேட்கத்தான் ஆள் இல்லை.

இறங்காமல் போவது ஏன்?

இரண்டு வாரத்தில் மதுரையில் ஒரு சிறுநீரகவியல் டாக்டரிடம் போனோம். கொழுந்தன், ஓர்ப்படி, என் வீட்டுக்காரர், நான், பிடிவாதமாகக் கூடவே வந்த மாமியார் என்று ஒரு பட்டாளம். அந்த டாக்டர் முகம் சுளிக்காமல், ஒரு தாளில் படம் போட்டு எங்களுக்கு விளக்கினார். அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மட்டில் சொல்கிறேன்.

ஆண் குழந்தை தாயின் வயிற்றில் வளரும்போது விதைகள் முதலில் அதன் வயிற்றுக்குள்ளே, சிறுநீரகத்துக்குப் பக்கத்தில்தான் உருவாகின்றன. ஏழாம் மாதத்துக்குமேல் தொடை இடுக்கில் உள்ள ஒரு குறுகிய பாதை வழியாக இறங்கி, பிறப்பதற்குள் பைக்கு வந்துவிடுகின்றன. அந்தப் பயணம் பாதியில் நின்றுபோவதுதான் இந்தக் குறை. நிறைமாதத்தில் பிறக்கும் ஆண் குழந்தைகளில் நூற்றுக்கு மூன்று பேருக்குப் போல இது இருக்கிறது. குறைமாதத்தில் பிறந்தவர்களில் நூற்றுக்கு 30 பேர் வரைகூட இருக்கலாம். ஆக, இது அபூர்வமும் இல்லை, யார் செய்த பாவமும் இல்லை.

விதைப்பை உடம்புக்கு வெளியே தொங்குவதற்குக் காரணம் இருக்கிறது. உடம்பின் உள்சூட்டைவிட 2 முதல் 4 டிகிரி சென்டிகிரேட் குறைவான சூட்டில்தான் விந்தணு சரியாக உற்பத்தியாகும். வயிற்றுக்குள்ளேயே தங்கிவிட்ட விதை அந்தச் சூட்டில் வருஷக்கணக்கில் இருந்து, விந்தணு உண்டாக்கும் சக்தியை இழந்துவிடுகிறது.

“அப்ப என் பிள்ளைக்கு...” என்று மாமியார் இழுத்தார். “ஒரு பக்கம் நல்லா இருக்கேம்மா. ஒன்று ஒழுங்காக இருந்தாலே ஆண்மைக்கும், மீசை தாடிக்கும், பெரும்பாலும் குழந்தைக்கும்கூட அது போதும்” என்றார் டாக்டர். விந்துப் பரிசோதனையில் அணுக்களின் எண்ணிக்கை கொஞ்சம் குறைவு, ஆனால் நம்பிக்கை இழக்கும்படி இல்லை என்று வந்தது. இரண்டு பக்கமுமே இறங்காமல் பெரியவனாகிவிட்டவர்களுக்குத்தான் குழந்தை பிறப்பது கஷ்டமாகிறதாம்.

“அப்படின்னா இதை இப்படியே விட்டுடலாமே, எதுக்கு ஆபரேஷன்?” என்று நான் கேட்டேன். டாக்டர் கொஞ்சம் நிதானித்துத்தான் பதில் சொன்னார்.

இறங்காத விதையில் பிற்காலத்தில் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். ஸ்வீடன் நாட்டில் இந்த ஆபரேஷன் செய்துகொண்ட சுமார் 17,000 பேரைப் பல வருஷங்கள் தொடர்ந்து கவனித்து, 2007ல் முடிவை வெளியிட்டார்கள். 13 வயதுக்கு முன் ஆபரேஷன் ஆனவர்களுக்கு விதைப் புற்றுநோய் வாய்ப்பு சாதாரண ஜனங்களைப்போல் இரண்டு மடங்குக்குச் சற்று மேல். 13 வயதுக்கு அப்புறம் ஆனவர்களுக்கு ஐந்து மடங்குக்கு மேல். இத்தனை மடங்கு என்றதும் பயந்துவிட வேண்டாம். மொத்தத்தில் அது அபூர்வமான நோய்தான், பெரும்பாலோருக்கு வராது. ஆனால் பையில் இருக்கும் விதையில் கட்டி வந்தால் கைக்குத் தட்டுப்படும். வயிற்றுக்குள் ஒளிந்திருப்பதில் வந்தால், முற்றிய பிறகுதான் தெரியும். அதுதான் ஆபத்து.

இது தவிர, இறங்காத விதை இருக்கும் பக்கம் குடலிறக்கம் வரலாம். சில சமயம் விதை தன் ரத்தக்குழாயோடு முறுக்கிக்கொண்டு, தாங்க முடியாத வலியும் வாந்தியும் கொடுக்கலாம். அப்படி ஆனால் விடியட்டும் என்று காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

“அது பொம்பளைங்க ஆபரேஷனாச்சே!”

கொழுந்தனுக்கு விதை எங்கே இருக்கிறது என்று சாதாரண ஸ்கேனில் தெரியவில்லை. எம்.ஆர்.ஐ. எடுத்ததில், அடிவயிற்றுக்குள்ளே, தொடை இடுக்குப் பாதை ஆரம்பிக்கும் வாசலில் சிறியதாக ஒன்று தெரிந்தது. தொடை இடுக்கில் கைக்குத் தட்டுப்படும்படி இருந்தால் அங்கேயே சின்னதாகக் கீறிச் செய்துவிடுவார்களாம். வயிற்றுக்குள் இருப்பவர்களுக்கு, முன்பானால் வயிற்றைப் பெரிதாகக் கிழித்துத் தேட வேண்டும். இப்போது அது வேண்டாம், லேப்ராஸ்கோபியில் செய்துவிடலாம் என்றார் டாக்டர்.

அந்த வார்த்தையைக் கேட்டதும் மாமியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். “லேப்ராஸ்கோப்பா? அது பொம்பளைங்களுக்குப் பண்ற ஆபரேஷனாச்சே! இவன் பிறந்து மூணு மாசத்துல எனக்கே கேம்ப்ல பண்ணாங்களே!” என்றார்.

டாக்டர் சிரித்துவிட்டார். மாமியார் சொன்னதில் தப்பில்லை. குடும்பக் கட்டுப்பாட்டுக்காகத் தொப்புள் அருகே சிறு துளை போட்டுச் செய்தார்களே, அதே வித்தைதான். பெண்களுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர்கள்தான் இதை முதலில் நிறையக் கையாண்டவர்கள். ஜெர்மனியில் கீல் நகரத்தில் குர்ட் செம் என்ற மகளிர் மருத்துவர்தான் 1980ல் முதன்முதலாகக் குடல்வாலை இப்படித் துளை வழியே எடுத்தார். நம் நாட்டில் பித்தப்பையை இந்த முறையில் முதலில் எடுத்தவர் மும்பையின் டாக்டர் உத்வாடியா, 1990ல். இறங்காத விதையைத் தேடுவதற்கு இதை உபயோகித்தது அதற்கும் முந்தி. இத்தாலியில் கோர்ட்டேசி என்ற டாக்டரும் அவரோடு இருந்தவர்களும் 1976ல், இரண்டு விதையும் இறங்காத 18 வயது இளைஞன் ஒருவனுக்கு வயிற்றுக்குள் குழாய்க் கண்ணாடி விட்டுப் பார்த்தார்கள்.

“எடுத்துக் கீழே இறக்கி வச்சுடுவீங்களா டாக்டர்?” என்று கொழுந்தன் கேட்டான். அந்தக் கேள்வியில் எத்தனை ஆசை இருந்தது என்று எனக்குத் தெரியும்.

“சின்ன வயசில் வந்திருந்தால் அதைத்தான் செய்திருப்போம்” என்றார் அவர். குழந்தையானால் விதையை மெல்ல இறக்கி, பைக்குள் தைத்து நிறுத்திவிடுவார்கள். முப்பது வயசில் வயிற்றுக்குள் சுருங்கிக் கிடக்கும் விதையை இறக்கினாலும் விந்தணு வரப்போவதில்லை. கீழே வரை எட்டும் அளவுக்கு ரத்தக்குழாயின் நீளமும் பெரும்பாலும் போதாது. புற்றுநோய் பயம் மட்டும் மிச்சம். ஆகவே மறுபக்கம் நன்றாக இருக்கும்போது, இதை எடுத்துவிடுவதுதான் நல்லது என்றார். எல்லாப் பெரியவர்களுக்கும் இதே முடிவு என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு பக்கமும் இறங்காதவர்களுக்கு ஹார்மோன் வேண்டும் என்பதற்காக, முடிந்தால் காப்பாற்றி இறக்கி வைக்கப் பார்ப்பார்கள். ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு, ஆபரேஷனைவிடக் கவனித்துக்கொண்டு இருப்பதே மேல் என்று விட்டுவிடுவதும் உண்டு. அதை டாக்டர்தான் தீர்மானிக்க வேண்டும்.

வெளியே வந்ததும் ஓர்ப்படி வாய் திறந்தாள். அவள் கோபப்பட்டு நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். “ஆபரேஷனுக்குப் பயந்து மறைச்சீங்கன்னா எனக்குப் புரியும். உங்களுக்குத் தெரிஞ்சுகிட்டே என்னை மாசா மாசம் ஊசி குத்திக்க விட்டீங்களே, அதுதான் புரியலை” என்றாள். கொழுந்தன் தலைகுனிந்து நின்றான். “நீ என்னை விட்டுட்டுப் போயிடுவியோன்னு பயம்” என்றான். பஸ் ஸ்டாண்டு வரை இருவரும் பேசவில்லை. ஆனால் பஸ்ஸில் ஏறியதும் ஜன்னலோர சீட்டை அவனுக்கு விட்டுக்கொடுத்து, அவள்தான் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஆபரேஷன் நாள்

முதல் நாள் இரவு லேசான சாப்பாடு. அப்புறம் டாக்டர் சொன்ன நேரத்திலிருந்து தண்ணீர்கூட இல்லாமல் வெறும் வயிறு. காலை ஏழரைக்கு உள்ளே கொண்டுபோனார்கள். முழு மயக்கம் கொடுத்துத்தான் செய்கிறார்கள். தொப்புளில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு ஒரு துளை, அடிவயிற்றில் இரு பக்கமும் அதில் பாதி அளவுக்கு ஒவ்வொரு துளை, ஆக மூன்று. உள்ளே வேலை செய்ய இடம் வேண்டும் என்று கரியமில வாயுவைச் செலுத்தி வயிற்றைப் பலூன்போல் உப்பவைக்கிறார்கள். ஒரு துளை வழியே விளக்கோடு கூடிய சின்ன கேமரா போகிறது. டாக்டர் டிவி திரையைப் பார்த்துக்கொண்டே மற்ற இரண்டு துளைகளில் நீளக் கருவிகளை விட்டு வேலை செய்கிறார். ரத்தக்குழாயைக் கட்டித் துண்டித்து, விதையை ஒரு குட்டிப் பைக்குள் போட்டு, தொப்புள் துளை வழியாகவே வெளியே எடுத்துவிடுகிறார்கள். பைக்குள் போடுவது எதற்கென்றால், ஒருவேளை அதில் கெட்ட அணுக்கள் இருந்தாலும் வயிற்றுக்குள் சிந்தக்கூடாது என்பதற்காக.

எங்களுக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. பெஞ்சில் உட்கார்ந்து மாமியார் வாய்க்குள்ளேயே கந்தர் சஷ்டி கவசம் சொல்லிக்கொண்டிருந்தார். ஓர்ப்படி அவர் கையைப் பிடித்தபடியே இருந்தாள்.

சாயங்காலம் கண் விழித்தவன், “வயிறு பரவாயில்லை, வலது தோள்தான் வலிக்குது” என்றான். “ஐயையோ, தோள்ல என்ன பண்ணாங்க?” என்று மாமியார் பதறிவிட்டார். உள்ளே செலுத்திய வாயு கொஞ்சம் மிச்சமிருந்து மேலே தள்ளுவதால் அப்படி வலிக்கும், இரண்டொரு நாளில் போய்விடும் என்று நர்ஸ் சமாதானம் சொன்னார். அதேபோல் போய்விட்டது. அன்றே எழுந்து நடக்கவைத்தார்கள். மறுநாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிட்டோம்.

வீட்டில் முதல் இரண்டு நாள் இட்லி, ரசம் சாதம். முக்கினால் தையலுக்கு ஆகாது என்பதால், மலச்சிக்கல் வராமல் நிறையத் தண்ணீரும் பப்பாளிப் பழமும் கொடுத்தேன். பத்தாம் நாள் ஆபீசுக்குப் போனான். இரண்டு வாரம் பைக் ஓட்டவில்லை. கேஸ் சிலிண்டர், தண்ணீர்க் குடம் எதையும் ஆறு வாரம் தூக்கவிடவில்லை. இது எங்கள் டாக்டர் சொன்ன கணக்கு. உங்கள் டாக்டர் சொல்வதைக் கேளுங்கள். காய்ச்சல், துளை போட்ட இடத்தில் சீழ், அடங்காத வலி, விடாத வாந்தி இவற்றில் எது வந்தாலும் மறுபடி காட்ட வேண்டும்.

எடுத்ததை பயாப்சிக்கு அனுப்பியிருந்தார்கள். அந்தப் பத்து நாளும் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. ரிப்போர்ட் வந்தது: புற்றுநோய் இல்லை, சுருங்கிப்போன விதை, அவ்வளவுதான். அதைப் படித்துச் சொன்னதும் மாமியார் சுவரில் சாய்ந்துகொண்டு விம்மி விம்மி அழுதார். “நானே அன்னிக்குத் தூக்கிட்டு ஓடியிருந்தா இது உன் உடம்புலயே இருந்திருக்கும்டா” என்றார். கொழுந்தன் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, “அப்பத்தா பேச்சை மீறி நீ எங்கம்மா போயிருப்பே?” என்றான். முப்பது வருஷத்தில் தாயும் மகனும் இதைப்பற்றிப் பேசியது அதுதான் முதல் தடவை.

பை காலியாக இருக்கிறதே என்று மனசு கஷ்டப்படுகிறவர்களுக்கு, சிலிக்கானில் செய்த செயற்கை விதை வைப்பதும் உண்டாம். அவன் வேண்டாம் என்றுவிட்டான். மற்றொரு பக்கத்தை மட்டும் மாதம் ஒரு தடவை வெந்நீரில் குளித்த பிறகு தானே தடவிப் பார்த்துக்கொள்கிறான். வலியே இல்லாமல் ஒரு கட்டியோ கடினமோ தட்டுப்பட்டால் உடனே வரச் சொல்லியிருக்கிறார் டாக்டர். சீக்கிரம் கண்டுபிடித்தால் அனேகமாக முழுக்கக் குணப்படுத்திவிடக்கூடிய நோய்தானாம் அது.

இளம் தாய்மார்களுக்கு

சகோதரிகளே, இத்தனையும் எழுதியது எங்கள் வீட்டுக் கதையைச் சொல்வதற்காக மட்டும் இல்லை. உங்கள் மடியில் ஆண் குழந்தை இருந்தால் இந்தச் சில விஷயங்களை மனதில் வையுங்கள்.

குழந்தை பிறந்தவுடன், “இரண்டும் இறங்கியிருக்கா?” என்று டாக்டரிடமோ நர்ஸிடமோ கூச்சப்படாமல் கேளுங்கள். இரண்டுமே தட்டுப்படவில்லை என்றாலோ, சிறுநீர்த் துவாரம் வழக்கமான இடத்தில் இல்லை என்றாலோ காத்திருக்கக்கூடாது. உடனே டெஸ்டுகள் செய்ய வேண்டும்.

ஒன்று மட்டும் இறங்கவில்லை என்றால், முதல் சில மாதங்களில் அது தானாக இறங்க வாய்ப்பு நிறைய உண்டு. பாட்டிமார் சொல்வது அது வரைக்கும் சரி. ஆனால் ஆறு மாதத்துக்கு அப்புறம் தானாக இறங்குவது அபூர்வம். எப்படியும் ஆறாம் வாரம், பத்தாம் வாரம், பதினாலாம் வாரம் தடுப்பூசிக்குத் தூக்கிப் போகிறீர்கள். அப்போதெல்லாம் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். ஆறு மாதம் முடிந்தும் வரவில்லை என்றால் குழந்தைகள் அறுவை சிகிச்சை டாக்டரிடம் காட்டுங்கள். ஆபரேஷனுக்கு ஏற்ற காலம் ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வயதுக்குள். அந்த வயசில் குழந்தை இரண்டு மூன்று நாளில் பழையபடி விளையாடும். பெரிய அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளிலும் இதைச் செய்கிறார்கள்.

வீட்டில் பார்ப்பது என்றால், வெதுவெதுப்பான தண்ணீரில் குளிப்பாட்டும்போது பாருங்கள். குளிர்ந்த கையால் தொட்டால் நல்ல விதையும் விருட்டென்று மேலே ஏறிக்கொள்ளும்; கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும். அப்படி ஏறி இறங்குவதற்கு ஆபரேஷன் வேண்டாம். ஆனால் வளர வளரச் சிலருக்கு அது மேலேயே நின்றுவிடுவதுண்டு. அதனால் வருஷத்துக்கு ஒரு முறை டாக்டரிடம் காட்டிவிடுங்கள். அழும்போது தொடை இடுக்கில் புடைத்துக்கொண்டு வந்தால் அது குடலிறக்கமாக இருக்கலாம். அதையும் அசட்டை செய்யாதீர்கள். எண்ணெய் போட்டு நீவி இறக்குகிறேன் என்று யார் வந்தாலும் விடாதீர்கள்.

வீட்டில் வளர்ந்த பிள்ளையோ, தம்பியோ, கணவரோ இப்படி மறைத்துக்கொண்டு இருந்தால் கேலி செய்யாமல், கோபிக்காமல் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். முப்பதிலும் வழி இருக்கிறது. மூன்று சின்னத் துளையோடு முடிகிற காரியம்தான்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் ஓர்ப்படிக்கு இப்போது ஐந்தாம் மாதம். “ஆபரேஷன் பண்ணினதும் குழந்தை தங்கிடுச்சு பார்த்தியா” என்று உறவில் பேசிக்கொள்கிறார்கள். அது சரியில்லை. அந்த ஆபரேஷன் புற்றுநோய் பயத்தைப் போக்குவதற்கு. குழந்தைக்கான வைத்தியம் இல்லை என்று டாக்டர் முன்னாடியே தெளிவாகச் சொல்லியிருந்தார். குழந்தை தங்கியது அவனுடைய நல்ல பக்கத்தாலும், கடவுள் புண்ணியத்தாலும்தான். ஆனால் ஒன்று. ஆபரேஷனுக்கு அப்புறம் அவன் குளியலறைத் தாழ்ப்பாளை இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பதில்லை.

மாமியார் இப்போதும் தெருக் குழந்தைகளைக் குளிப்பாட்டிக்கொண்டுதான் இருக்கிறார். போன வாரம் எதிர்வீட்டுப் பெண் இருபது நாள் குழந்தையைக் கொண்டுவந்தாள். காலில் போட்டு, எண்ணெய் வைத்து, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். பிறகு அந்தப் பெண்ணை நிமிர்ந்து பார்த்து, தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்:

“ரெண்டும் இருக்கு தாயி. இருந்தாலும் ஊசி போடப் போறப்ப டாக்டர்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்க. வெட்கப்படாதே. நான் வெட்கப்பட்டது போதும்.”